கடித உறையில் ஒரு கைவண்ணம்

உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய தகரப் பெட்டியிலோ, அலமாரியின் அடித்தட்டிலோ ஒரு கடிதக் கட்டு இருக்கக் கூடும். ஓரங்களில் சிவப்பும் நீலமுமாகச் சாய்கோடுகள் ஓடும் விமானத் தபால் உறைகள், நூல் போட்டுக் கட்டியபடியே கிடக்கும். சவூதியிலிருந்தும், துபாயிலிருந்தும், மலேசியாவிலிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும் நம் ஆண்மக்கள் எழுதியவை அவை. இன்று கைப்பேசியில் முகம் பார்த்தே பேசி விடுகிறோம். பேசி முடித்த பின் கையில் மிஞ்சுவது என்ன? அந்தக் கட்டு மட்டும் இன்னும் மிஞ்சியிருக்கிறது அல்லவா?

கடிதத்தைப் போலவே கடித உறையும் ஒரு செய்தி சொல்லும். அந்த உறையில் வண்ணம் தீட்டி, தபால்தலையையும் சித்திரத்தையும் இணைத்து, அதையே ஒரு பரிசாக்கி அனுப்பும் கைக்கலை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஆனால், அக்கலையில் நான் முதன்முதலாகச் செய்த பிழையைச் சொல்லி விட்டுத் தொடங்குவதே முறை.

மழையில் கரைந்த முகவரி

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருத்தணியில், மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. ஆடிக் கிருத்திகை நாட்களில் மலைக்குக் காவடி சுமந்து செல்லும் கூட்டம் எங்கள் வாசல் வழியே போகும். காகிதப் பூக்களும் மயிலிறகும் வண்ணத் துணிகளுமாக அவை செல்வதைத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் கண் கொட்டாமல் பார்த்து நிற்போம். வண்ணத்தின் மீது எனக்கு ஆசை பிறந்தது அந்த வாசற்படியில்தான்.

என் அத்தா வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்து வந்தார். மாதம் ஒரு கடிதம் அவரிடமிருந்து வரும். மாதம் ஒரு கடிதம் எங்களிடமிருந்து போகும். ஒரு முறை, உறையை நானே அழகு செய்து அனுப்புவேன் என்று அடம் பிடித்தேன். உறை முழுவதும் மலையையும் அதன் படிகளையும், அத்தா பம்பாய் போன ரயில் பாதையையும் நீர்வண்ணத்தில் தீட்டினேன். எஞ்சிய சிறு இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் முகவரியை எழுதினேன். என் நன்னா உறையை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கம் திருப்பி, எங்கள் வீட்டு முகவரியைப் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினார். "போகிற கடிதத்துக்குத் திரும்பி வரவும் வழி தெரிய வேண்டும்" என்றார்.

அது கார்த்திகை மாதம். மழை விடாமல் பெய்தது. அடுத்து அத்தாவிடமிருந்து வந்த கடிதத்தில், "பிள்ளை ஏன் இந்த மாதம் எழுதவில்லை? என் மேல் கோபமா?" என்று கேட்டிருந்தார். சில வாரங்கள் கழித்து என் உறை வீட்டுக்கே திரும்பி வந்தது. மலையும் படிகளும் ஒன்றாகக் கலந்திருந்தன. முகவரி இருந்த இடத்தில் நீலக் கறை ஒன்றுதான் இருந்தது. பின்பக்கம் நன்னா எழுதிய எழுத்து மட்டும் கலையாமல் நின்றது. வண்ணம் தீட்டிய மகிழ்ச்சியில், அந்தக் கடிதம் எதற்காகப் புறப்பட்டது என்பதையே நான் மறந்து விட்டிருந்தேன்.

முத்திரை இட்ட கடிதம்

கடிதத்தின் புறத்தோற்றத்துக்கு மதிப்புத் தரும் வழக்கம் நமக்குப் புதியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் அனுப்ப நாடிய போது, முத்திரை இல்லாத கடிதங்களை அவர்கள் படிப்பதில்லை என்று தெரிவிக்கப்பட்டது. அதன் பின்னரே வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, 'முஹம்மது ரசூலுல்லாஹ்' என்ற சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. இந்தச் செய்தியை ஹதீஸ் நூல்கள் வாயிலாக நாம் அறிவோம். பெறுபவர் எதை மதிப்பாரோ அதை அறிந்து கடிதத்தை அனுப்பும் பண்பு இதில் விளங்குகிறது. அழகு செய்வதிலும் அடிப்படை இதுதான்: பெறுபவரை மனத்தில் நிறுத்திச் செய்ய வேண்டும்.

உலகின் முதல் ஒட்டும் தபால்தலை 1840 மே மாதத்தில் பிரிட்டனில் வெளிவந்தது. 'பென்னி பிளாக்' எனப்படும் அத்தலையில் விக்டோரியா அரசியின் முகம் இருந்தது. அதே மாதத்தில், வில்லியம் முல்ரெடி என்னும் ஓவியர் வரைந்த படத்துடன் அரசே கடித உறைகளையும் அச்சிட்டு விற்றது. பிரிட்டானியா தன் தூதர்களை உலகின் நாற்புறமும் அனுப்புவதாக அமைந்த ஆடம்பரமான படம் அது. மக்கள் அதைப் பார்த்து எள்ளி நகையாடினர். கேலி செய்து வேறு படங்களை வரைந்து, அவற்றையும் உறைகளாக அச்சிட்டு விற்றனர். அரசு தன் உறைகளை விரைவிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அலங்கார உறையின் கதை இப்படி ஒரு தோல்வியில்தான் தொடங்கியது எனலாம்.

உதுமானியப் பேரரசு தன் முதல் தபால்தலைகளை 1863இல் வெளியிட்டது. அவற்றில் மன்னரின் முகம் இல்லை. சுல்தான் அப்துல் அஜீஸின் 'துக்ரா' என்னும் எழுத்தோவிய முத்திரையே இருந்தது. பெயரின் எழுத்துகளையே வளைத்தும் நீட்டியும் பின்னியும் ஓவியமாக்கிய வடிவம் அது. உருவம் வரையாமலேயே ஒரு சிறு காகிதத் துண்டை எவ்வளவு அழகாக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

அந்த மரபின் தொடர்ச்சியை அமெரிக்காவிலும் காணலாம். அந்நாட்டு அஞ்சல் துறை 2001 செப்டம்பர் 1ஆம் நாள் ஈத் பெருநாளுக்காகத் தபால்தலை வெளியிட்டது. 'ஈத் முபாரக்' என்னும் வாழ்த்தை நீல நிறப் பின்னணியில் பொன்னிற எழுத்தோவியமாக வரைந்தவர் முஹம்மது ஜக்கரிய்யா என்னும் அமெரிக்க முஸ்லிம் கலைஞர். பெருநாள் வாழ்த்து அனுப்பிய எத்தனையோ குடும்பங்களின் உறைகளுக்கு அந்த ஒரு தலையே அலங்காரமாயிற்று.

கலைஞர்களின் தபால்

நம் நாட்டில் இக்கலைக்குப் பெருமை சேர்த்தவர்களுள் வங்க ஓவியர் நந்தலால் போஸ் முதன்மையானவர். சாந்திநிகேதனின் கலாபவனத்தில் பல்லாண்டுகள் ஆசிரியராக விளங்கிய அவர், தம் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் சாதாரணத் தபால் அட்டைகளிலேயே சித்திரம் தீட்டி அனுப்புவார். மரம், மாடு, குடிசை, பாதையில் நடந்து செல்பவர் என்று அன்றாடம் கண்டவற்றைத் தூரிகையின் சில வீச்சுகளில் தீட்டி விடுவார். மலிவான அட்டை பெறுபவருக்குப் பொக்கிஷமானது.

மேலை நாடுகளில், ரே ஜான்சன் என்னும் அமெரிக்கக் கலைஞர் 1950களிலிருந்தே கடிதம் அனுப்புவதையே கலையாக ஆக்கிக் கொண்டார். தாம் வரைந்ததை ஒருவருக்கு அனுப்பி, "இதில் நீங்களும் ஏதேனும் சேர்த்து எனக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்பார். ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் நிரப்பினார். கண்காட்சிக் கூடமும் விலையும் இல்லாத இந்தக் கலைக்கு 'தபால் கலை' என்று பெயர் வந்தது. எட்வர்ட் கோரி என்னும் மற்றோர் அமெரிக்க ஓவியர் 1968, 1969ஆம் ஆண்டுகளில், தம்மோடு சேர்ந்து சிறுவர் நூல்கள் படைத்த பீட்டர் நியூமேயருக்கு எழுதிய கடிதங்களின் உறைகளில் விதவிதமான படங்களை வரைந்து அனுப்பினார். முகவரிக்கு உரிய இடத்தை விட்டு, எஞ்சிய இடத்தில்தான் அவருடைய கற்பனை விளையாடியது. ஒன்பது வயதில் எனக்குத் தெரியாமற் போன பாடம் அது!

உறை சொல்லும் ஊர் வரலாறு

உறை என்பது வரலாற்றுச் சான்றும் ஆகும். இதற்குத் திருத்தணியை விட நல்ல எடுத்துக்காட்டு வேறு வேண்டியதில்லை. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்த போது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்க்கப்பட்டுச் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியது. 1969இல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆயிற்று. 1972 ஆகஸ்டு 15 முதல் முகவரியோடு அஞ்சல் குறியீட்டு எண்ணும் சேர்ந்து கொண்டது. 1997இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட போது ஊர் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உரியதாயிற்று.

வீடு இருந்த இடத்திலேயே இருக்க, முகவரி மட்டும் இத்தனை முறை மாறியிருக்கிறது. இன்றும் திருத்தணியின் எண் 631209. எல்லை தாண்டிச் சிறிது தொலைவில் உள்ள நகரிக்குப் போனால் எண் 5இல் தொடங்கி விடும். தமிழும் தெலுங்கும் உருதும் கலந்து பேசும் எல்லைப்புற மக்களுக்கு உறவும் வணிகமும் இரு புறமும் உண்டு. அவர்களின் பழைய உறைகளை வரிசையாக அடுக்கினால், அரசாங்க ஏடுகளைப் புரட்டாமலே ஊரின் கதையைப் படித்து விடலாம். ஆகவே, பழைய உறைகளைக் குப்பையில் எறியாதீர்கள்; தபால்தலைக்காக அதன் மூலையைக் கத்தரித்தும் விடாதீர்கள். முத்திரையும் நாளும் முகவரியும் சேர்ந்திருந்தால்தான் அந்த உறைக்கு உயிர் உண்டு.

திருத்தணியில் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவரது பிறந்த நாளை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். அவரது உருவத்துடன் 1967இலும் 1989இலும் இந்திய அஞ்சல் துறை தபால்தலைகள் வெளியிட்டது. தபால்தலை சேகரிப்போரிடம் ஒரு வழக்கம் உண்டு. தபால்தலை, சித்திரம், அஞ்சல் முத்திரை மூன்றும் ஒரே பொருளைச் சொல்லுமாறு அமைப்பார்கள். உறையின் இடப்பக்கம் திருத்தணி மலையைத் தீட்டி, வலப்பக்க மூலையில் செல்லத்தக்க தபால்தலை ஒட்டி, செப்டம்பர் 5ஆம் நாள் முத்திரை விழுமாறு திருத்தணியிலிருந்து தம் ஆசிரியருக்கு ஒரு பிள்ளை கடிதம் அனுப்பினால் எப்படி இருக்கும்? அந்த ஆசிரியர் அதை எறிந்து விடுவாரா? உங்கள் ஊர் எதுவாக இருந்தாலும், அதற்கென்று ஒரு மலையோ ஆறோ, பள்ளிவாசலின் மினாராவோ, சந்தையோ இருக்கத்தானே செய்யும்!

செய்யும் முறை

இனி, வீட்டில் இதைச் செய்யும் வழியைப் பார்ப்போம். விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. திருமண அழைப்பிதழ்களின் தடித்த காகிதம், காக்கித் தாள், பழைய நாட்காட்டித் தாள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். கடையில் வாங்கிய உறையைப் பசை விட்ட இடத்தில் மெல்லப் பிரித்து விரித்து, அதை அளவாக வைத்து வெட்டினால் புதிய உறை ஆயத்தம். மைதாவைக் காய்ச்சிய பசையே ஒட்டுவதற்குப் போதுமானது.

முதல் வேலை முகவரிக்கு உரிய இடத்தைப் பென்சிலால் குறிப்பது. உறையை நடுவில் பிரித்துக் கொள்ளுங்கள். வலப்பாதியின் மேல் மூலை தபால்தலைக்கும் அதன் மேல் விழும் முத்திரைக்கும் உரியது. அதன் கீழ் முகவரி. அந்தப் பகுதியை வெள்ளையாகவே விட்டு விடுங்கள். இடப்பாதியும், ஓரங்களில் ஒரு மெல்லிய கரையும் உங்கள் கைவண்ணத்துக்கு. பின்பக்கம் முழுவதும் உங்களுடையதுதான். அனுப்புநர் முகவரிக்கு மட்டும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

நீர்வண்ணத்தில் நீர் குறைவாகவும் வண்ணம் மெல்லியதாகவும் இருக்கட்டும். நீர் மிகுந்தால் காகிதம் சுருங்கி விடும். சிறு பிள்ளைகளுக்கு வெண்டைக்காய் அச்சு மிகவும் பிடிக்கும். காயைக் குறுக்கே நறுக்கி, வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் அழகிய பூ விழும். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, பிறையோ நட்சத்திரமோ செதுக்கி ஒற்றலாம். தேயிலை நீரில் தோய்த்து உலர்த்திய காகிதம் பழைய ஏடு போலத் தோன்றும். கைகளில் மருதாணியால் கொடியும் பூவும் இடத் தெரிந்த நம் பெண்களுக்கு உறையில் கொடி ஓட்டக் கற்றுத் தரவும் வேண்டுமா? பள்ளிவாசல் சன்னல்களில் காணும் நட்சத்திரப் பின்னல்களை, அளவுகோலும் கவராயமும் கொண்டு பிள்ளைகள் வரையலாம்; கணக்குப் பாடமும் கூடவே நடந்து விடும்.

வண்ணம் நன்கு உலர்ந்த பிறகே முகவரி எழுத வேண்டும். நீரில் கரையாத மையால் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்! வெளிநாட்டுக்கு அனுப்பும் போது நாட்டின் பெயரைக் கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுவது நல்லது. உள்நாடாயின் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணை விட்டு விடாதீர்கள்.

மணி, கண்ணாடித் துண்டு, அரக்கு போன்ற புடைத்து நிற்கும் பொருள்களை உறையில் ஒட்டாதீர்கள். முத்திரை குத்தும் போது அவை உடையும். கட்டில் உள்ள பிறர் கடிதங்களையும் கிழித்து விடும். 1852இல் சிந்துப் பகுதியில் 'சிந்து டாக்' என்னும் தபால்தலைகள் வெளிவந்தன. அரக்குப் போன்ற சிவப்புப் பொருளில் செய்தவை எளிதில் நொறுங்கியதால், காகிதத் தலைகளுக்கு மாற வேண்டியதாயிற்று. அப்போதே கிடைத்த பாடம் இது.

பயன்படுத்திய பழைய தபால்தலைகளை அலங்காரமாக ஒட்டுவதாயின் பின்பக்கம் மட்டும் ஒட்டுங்கள். முன்பக்கம் ஒட்டினால் கட்டணம் செலுத்தியதாகத் தவறான தோற்றம் தரும். முத்திரை விழுந்த தலையை அழித்து மறுபடி கட்டணத்துக்காகப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். வண்ணமும் தடித்த காகிதமும் எடையைக் கூட்டும். ஆதலால் தபால் நிலையத்தில் நிறுத்துப் பார்த்து, உரிய கட்டணத்துக்குத் தலை ஒட்டுங்கள். குறைந்தால் அபராதம் கட்ட வேண்டியவர் உங்கள் அன்புக்குரியவர் அல்லவா?

நாம் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. உறை பல கைகளில் மாறும்; தரையில் விழும்; அதன் மேல் முத்திரை குத்தப்படும்; கடைசியில் கிழித்து எறியப்படவும் கூடும். ஆகவே, இறைவசனங்களையும் அல்லாஹ்வின் திருநாமங்களையும் உறையின் மேல் எழுதி அழகு பார்க்க வேண்டாம். பெருநாள் வாழ்த்தும் வசனமும் உள்ளே கடிதத்தில் இருக்கட்டும். வெளியே பிறையும், பூவும், கொடியும், பின்னலும் போதும்.

கடைசியாக ஒரு செய்தி

"கைப்பேசியில் ஒரு நொடியில் வாழ்த்து அனுப்பலாமே, இத்தனை பாடு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். விரைவுக்குக் கைப்பேசி இருக்கட்டும். அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே வாழ்த்தை நூறு பேருக்கு அனுப்பும் போது, அந்த நூறு பேரில் ஒருவரையேனும் நாம் நினைத்தோமா? உறையில் வண்ணம் தீட்டும் அந்த ஒரு மணி நேரம் முழுவதும் ஒருவரையே நினைத்திருக்கிறோம். அந்த ஒரு மணி நேரம்தான் பரிசு.

என் உறை திரும்பி வந்த கதையை முடிக்கவில்லையே! அடுத்த விடுமுறையில் அத்தா ஊர் வந்த போது நன்னா அதை எடுத்துக் காட்டினார். அத்தா நெடுநேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்தார். "பிள்ளை எழுதித்தான் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். நான் வேறு உறை செய்து தருகிறேன் என்றேன். சிரித்தார். அவர் திரும்பிப் போன பிறகு அந்த உறையை வீட்டில் காணவில்லை. யாரோ எறிந்து விட்டார்கள் என்றே எண்ணிக் கொண்டேன்.

பல ஆண்டுகளுக்குப் பின் அத்தா மறைந்தார். அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த பெட்டியைத் திறந்து பார்த்த போது, கடவுச்சீட்டுகளோடும் சம்பளச் சீட்டுகளோடும் அந்த உறை இருந்தது. கறை படிந்த மலையும், கரைந்து போன முகவரியும் அப்படியே இருந்தன. முகவரி இருந்த இடத்தில், நீலக் கறையின் மேல், அத்தாவின் கையெழுத்தில் ஒரு நாள் குறித்திருந்தது. விடுமுறை முடிந்து அவர் பணிக்குத் திரும்பிய நாள் அது. கடிதம் தம்மிடம் வந்து சேர்ந்த நாளாக அதைக் குறித்து வைத்திருக்கிறார்.

வாசகர்களே! தூரத்தில் இருக்கும் ஒருவரின் பெயரை இன்றே நினைத்துக் கொள்ளுங்கள். பிள்ளைகளை அழைத்து உட்கார வைத்து, ஓர் உறையையும் ஒரு தூரிகையையும் கையில் கொடுங்கள். அனுப்புநர் முகவரியை மட்டும் மறவாமல் நீங்களே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அது போய்ச் சேரும்.